தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தம் கொடுக்கலாமா? முகாமில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

பவானிக்கரை

வணக்கம். எனக்கு வயது 38. ஒன்பது வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இப்போது 75 மைக்ரோகிராம். கல்லூரியில் படித்தபோது ஐந்து முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். அப்புறம் கல்யாணம், பிரசவம் என்று விட்டுப்போனது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் எனக்கு மூன்று யூனிட் ஏற்றினார்கள். கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பையனுக்கு இப்போது ஆறு வயது. அந்த மூன்றையும் யாருக்காவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் ஒரு முகாம் நடந்தது. படிவத்தில் தைராய்டு என்று எழுதியதைப் பார்த்ததும், "தைராய்டா? எடுக்க மாட்டோம்ங்க" என்று சொல்லிவிட்டார்கள். எடை பார்க்கவில்லை, ரத்த அளவும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். அவரிடம் வேறொரு ரத்த வங்கியில் போன வருடம் எடுத்திருக்கிறார்கள். எது சரி? நான் இனிமேல் கொடுக்கவே முடியாதா?

விசைத்தறி62

அம்மணி, கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரிக்கும் இருபது வருடமாகத் தைராய்டு. எப்போதும் அசதி, கை கால் வலி. இருக்கிற ரத்தமே பற்றாத உடம்பில் இருந்து ஏன் எடுக்க வேண்டும்? அதோடு, தினமும் மாத்திரை போடுகிறவர் ரத்தத்தில் மருந்து கலந்திருக்கும். ஏற்றிக்கொள்கிறவருக்கும் தைராய்டு வந்துவிட்டால் பாவம் யாரைச் சேரும்? நல்ல மனசுதான் உங்களுக்கு. ஆனாலும் உடம்பைப் பாருங்கள்.

மஞ்சள்காடு

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை. அடுத்த முறை படிவத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிடுங்கள். தைராய்டு ஒட்டுகிற நோயா என்ன? என் நண்பர்கள் பாதிப் பேர் அப்படித்தான் கொடுக்கிறார்கள்.

குருதிக்கூடம்

ரத்த வங்கியில் 26 வருடம் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பி மஞ்சள்காடுக்கு. மறைக்கச் சொல்லாதீர்கள். படிவத்தில் இருக்கிற கேள்விகளில் பாதி ஏற்றிக்கொள்கிறவரைக் காப்பாற்ற, மீதி கொடுக்கிறவரைக் காப்பாற்ற. ஹெச்ஐவி, மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தையும் நாங்கள் ஒவ்வொரு பையிலும் சோதித்துவிடுவோம். கொடுக்கிறவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அதை அவர் வாயால் சொன்னால்தான் தெரியும். ஒரு உதாரணம்: ஆண்கள் முடி கொட்டுவதற்குச் சாப்பிடுகிற ஃபினாஸ்டரைடு. அந்த ரத்தம் கர்ப்பிணிக்குப் போனால் வயிற்றில் இருக்கிற ஆண் குழந்தைக்குக் கெடுதல். அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறோம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டாலும் ஒரு மாதம். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் இவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இப்போது தங்கச்சியின் கேள்வி. தேசிய ரத்த மாற்றுக் குழுமம் 2017இல் கொடையாளர் தேர்வுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் தைராய்டுக்குத் தனி இடம் உண்டு. சாதாரண, அதாவது புற்று அல்லாத தைராய்டுக் கோளாறு உள்ளவர், ஹார்மோன் அளவு இயல்பாக இருந்தால் கொடுக்கலாம். தொந்தரவு தராத கழுத்து வீக்கம், முன்பு வந்துபோன வைரஸ் தைராய்டு அழற்சி, உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வரும் குறைவு, மூன்றும் அதில் அடக்கம். பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, அளவு தெரியவில்லை என்றால் தள்ளிவைக்க வேண்டும். கிரேவ்ஸ் நோயால் அதிகமாகச் சுரப்பவர், தைராய்டு புற்று வந்தவர் ஆகியோரிடம் எப்போதும் எடுக்கக் கூடாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அந்த நிரந்தரத் தடைப் பட்டியலிலேயே "ஹைப்பர், ஹைப்போ தைராய்டு" (அதிகமாகச் சுரப்பது, குறைவாகச் சுரப்பது) என்று விளக்கம் இல்லாமல் ஒரு வரியும் இருக்கிறது. மேலே இருப்பதையும் சேர்த்துப் படித்தால், கட்டுக்குள் இல்லாதவரைத்தான் அது குறிக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். கீழ் வரியை மட்டும் பார்க்கிறவர் எல்லோரையும் திருப்பி அனுப்புவார். உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று நடந்தது இதனால்தான் இருக்கும். முகாமில் டிஎஸ்ஹெச் (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தச் சோதனை, சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறும்) பார்க்கிற வசதி கிடையாது, அதனால் சந்தேகம் என்றால் வேண்டாம் என்று சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். சமீபத்திய டிஎஸ்ஹெச் அறிக்கையை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்கே நேராகப் போங்கள், அங்கே இருக்கும் மருத்துவ அதிகாரியிடம் காட்டுங்கள். முடிவு அவருடையது.

விசைத்தறி ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. தைராக்ஸின் என்பது உங்கள் ரத்தத்திலும் என் ரத்தத்திலும் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிற ஹார்மோன். சுரப்பி போதுமான அளவு தராதவருக்கு அதே பொருளை மாத்திரையாகத் தருகிறார்கள். அளவு இயல்பாக இருக்கிறவரின் ரத்தத்தில் எல்லோருக்கும் இருக்கிற அளவுதான் இருக்கும். தைராய்டு குறைவு ரத்தம் வழியாகத் தொற்றவும் செய்யாது. ஆனால் உங்கள் வீட்டம்மாவுக்கு எப்போதும் அசதி என்கிறீர்களே, அதை விடாதீர்கள். மாத்திரை அளவு சரியாக இருந்தால் அசதி குறைந்திருக்க வேண்டும். கடைசியாக எப்போது சோதனை செய்தீர்கள்?

விசைத்தறி62

சார், உண்மையைச் சொல்கிறேன். மூன்று வருடம் ஆகிவிட்டது. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே டப்பாவை வாங்கிக்கொண்டிருக்கிறோம். நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

பவானிக்கரை

குருதிக்கூடம் சார், மிக்க நன்றி. என்னிடம் இருக்கிற அறிக்கை எட்டு மாதப் பழசு. புதிதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நிலாமுற்றம்

எனக்குக் கிரேவ்ஸ். சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் சாப்பிடுகிறேன். "எப்போதும் எடுக்கக் கூடாது" என்று படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னுடையது ஓ நெகட்டிவ். வருடத்துக்கு இரண்டு அழைப்பாவது வரும், ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லும்போது ஏதோ தப்பு செய்வது போல இருக்கிறது.

குருதிக்கூடம்

அம்மா, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதிகமாகச் சுரக்கிற நிலையில் இதயம் ஏற்கெனவே ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 350 மில்லி எடுத்தால் பாதிக்கப்படுவது நீங்கள். உங்களை அழைப்பவர்களிடம் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள், அழைப்பு நின்றுவிடும். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு என்ன வகை என்று பார்த்தீர்களா? ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்களில் அதே அரிய வகை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஓ நெகட்டிவ் கொடையாளர் ஒருவரைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தந்தால் ரத்த வங்கி உங்களை மறக்காது.

இன்னொன்று, ரத்ததானத்துக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால், சளிக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருக்க வேண்டாம். அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே மருத்துவரிடம் போய் ரத்த வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக அந்த மருந்து வெள்ளையணுக்களை அப்படியே இறக்கிவிடும். குழந்தைக்குத் திட்டம் இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நிலாமுற்றம்

இந்தத் தொண்டைவலி விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதே இல்லை சார். எழுதி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். அக்காவின் வகை என்ன என்று தெரியவில்லை, கேட்கிறேன்.

தாமரைக்குளம்

தைராய்டு புற்றுக்காக 2014இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். எனக்கும் தடைதான், அதில் வருத்தம் இல்லை. புதிதாகக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டு இந்த இழையைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்: கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. ஊசி வைத்து எடுக்கும் பரிசோதனையின் முடிவு வரும்வரை ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள், அவ்வளவுதான். பயப்படவும் வேண்டாம்.

ராஜபாளையத்தான்

குருதிக்கூடம் ஐயா, எனக்குச் சர்க்கரை, வயது 51. மெட்ஃபார்மின் மட்டும்தான். ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை. வருடத்துக்கு இரண்டு முறை கொடுத்துவந்தவன், சர்க்கரை வந்ததும் நிறுத்திவிட்டேன். சரிதானா?

குருதிக்கூடம்

நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. மாத்திரையிலோ உணவிலோ சர்க்கரை கட்டுக்குள் இருந்து, கால் புண், நரம்பு மரத்துப்போதல், ரத்தக்குழாய்ப் பிரச்சினை எதுவும் இல்லாமல், எழுந்து நின்றால் தலைசுற்றாமல் இருந்தால் ஏற்கிறார்கள். இன்சுலின் போடுகிறவர் கொடுக்க முடியாது. கடந்த நான்கு வாரத்தில் மாத்திரையையோ அளவையோ மாற்றியிருந்தால் காத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் மாத்திரையோடு இருந்தாலும் சரி, அன்றைக்கு மேல் அளவு 100 முதல் 140க்குள், கீழ் அளவு 60 முதல் 90க்குள் இருந்தால் போதும்.

ஆனால் கொடுத்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று எடுக்கிறோமே, ஹெச்பிஏ1சி, அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. ரத்தம் கொடுத்ததும் உடம்பு புதிய சிவப்பணுக்களை உண்டாக்கும். புதிய அணுவில் சர்க்கரை ஒட்ட நேரம் இருந்திருக்காது. அதனால் சில மாதங்களுக்கு அந்த எண் உண்மையைவிடக் குறைவாக வரலாம். "நன்றாகக் குறைந்துவிட்டது" என்று மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டுப் பிறகு தானம் கொடுங்கள், அல்லது கொடுத்த தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ராஜபாளையத்தான்

பத்து வருடமாகச் சர்க்கரை மருத்துவரைப் பார்க்கிறேன், இது இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி ஐயா.

பவானிக்கரை

அறிக்கை வந்துவிட்டது. டிஎஸ்ஹெச் 8.1. ஹீமோகுளோபின் 11.2. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. அழுகை வந்துவிட்டது. ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை நான். காலையில் ஐந்தரைக்கு எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையையும் சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, அப்புறம் காபி குடித்துவிட்டுச் சமையலைத் தொடங்குவேன். சத்து மாத்திரை நாலு மாதமாகத்தான். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதென்று கடையில் கேட்டு வாங்கினேன்.

குருதிக்கூடம்

தங்கச்சி, அழ வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. சத்து மாத்திரை என்பது இரும்புச்சத்துதானே? இரும்பும் தைராக்ஸினும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச முடியாது. கால்சியமும் அப்படித்தான். நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். நீங்கள் தினமும் மாத்திரை போட்டும் பாதி உள்ளே போகாமல் இருந்திருக்கிறது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் போக்கு அதிகமாகும். போக்கு அதிகமானால் இரும்பு இறங்கும். இரும்பு இறங்கியதால் மாத்திரை வாங்கினீர்கள், அதைச் சேர்த்துப் போட்டதால் தைராய்டு இன்னும் கெட்டது. தைராய்டு குறைவே ரத்தம் உற்பத்தியாவதையும் மந்தமாக்கும். அவசரப்பட்டு மாத்திரை அளவை நீங்களாக ஏற்றாதீர்கள். மருத்துவரிடம் இந்தக் காலை வழக்கத்தை அப்படியே சொல்லுங்கள்.

ரத்தம் கொடுக்கிற யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஹீமோகுளோபின் 12.5 இல்லாமல் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. 350 மில்லி கொடுத்தால் அதோடு ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்பு உடம்பை விட்டுப் போகும். ஃபெரிட்டின் 9 என்றால் இருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். களஞ்சியம் காலியாக இருக்கும்போது விதைநெல்லைத் தானம் கொடுக்கலாமா?

மஞ்சள்காடு

அக்கா, முதலில் நான் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். நான் சொன்னபடி நீங்கள் மறைத்துக் கொடுத்திருந்தால் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. என் அம்மாவும் தைராய்டு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையைத்தான் சேர்த்துப் போடுகிறார். இன்றிலிருந்து பிரித்துவிட்டேன், கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இன்னொரு சந்தேகம் சார், அம்மா வீட்டில் எல்லாவற்றுக்கும் இந்துப்புதான் போடுகிறார், நல்லது என்று. முட்டைக்கோஸ், முள்ளங்கியையும் நிறுத்திவிட்டார்.

குருதிக்கூடம்

முட்டைக்கோஸும் முள்ளங்கியும் பாவம் செய்யவில்லை தம்பி. வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். உப்பு வேறு விஷயம். கடையில் கிடைக்கிற இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் கழுத்துக் கழலையைத் தடுக்கும் திட்டம் 1962இல் தொடங்கி, அயோடின் சேர்த்த உப்பு வீட்டுக்கு வீடு வந்து சேர எத்தனை வருடம் பிடித்தது! அதைக் கையால் தள்ளிவிட வேண்டாம். அம்மாவுக்கு ஏற்கெனவே சுரப்பி குறைந்துவிட்டது என்றால் உப்பை மாற்றுவதால் மாத்திரை தேவைப்படாமல் போகாது. வீட்டில் வளர்கிற பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அயோடின் முக்கியம்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். தைராய்டு உள்ளவர்கள் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் சில ஆய்வக முறைகளில் டிஎஸ்ஹெச் எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும்.

விசைத்தறி62

வீட்டுக்காரியின் அறிக்கை வந்தது. டிஎஸ்ஹெச் 14. மருத்துவர் 50இல் இருந்து 75 ஆக்கிவிட்டார், ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொன்னார். டப்பாவை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியில்தான் இத்தனை நாளும் இருந்தது. சூடும் ஈரமும் மாத்திரையைக் கெடுக்குமாம். படுக்கையறைக்கு மாற்றிவிட்டோம். குருதிக்கூடம் சாருக்கு நாங்கள் இரண்டு பேரும் கும்பிடு போட்டோம்.

பவானிக்கரை

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் தைராய்டு அளவை மாற்றவில்லை, அதே 75தான். இரும்பு மாத்திரையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுக்கு மாற்றினார். பெண்கள் மருத்துவரிடமும் போய் வந்தேன், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எட்டு வாரம் கழித்து எடுத்ததில் டிஎஸ்ஹெச் 3.2! வெறும் இடைவெளிதான், வேறு எதையும் மாற்றவில்லை. மாதவிலக்கும் ஐந்து நாளில் நிற்கிறது. ஹீமோகுளோபின் 12.3. இன்னும் கொஞ்சம்.

ராஜபாளையத்தான்

தங்கச்சி, சந்தோஷம். நான் போன வாரம் பத்து வருடத்துக்குப் பிறகு கொடுத்தேன். ஹெச்பிஏ1சி முதல்நாளே எடுத்துவிட்டேன், ஐயா சொன்னபடி.

நிலாமுற்றம்

அக்காவும் ஓ நெகட்டிவ்! அவருக்கு 47 வயது, ஒரு முறைகூடக் கொடுத்ததில்லை. ஊசி என்றாலே பயப்படுவார். நான் கூடவே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பவானிக்கரை

ஐந்து மாதம் கழித்து. நேற்று கொடுத்தேன். ஹீமோகுளோபின் 13, ஃபெரிட்டின் 34, டிஎஸ்ஹெச் 2.6. ரத்த வங்கிக்கே நேராகப் போனேன். மருத்துவ அதிகாரி மூன்று அறிக்கைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார், என்ன மாத்திரை, எப்போதிருந்து, கடைசியாக அளவு மாறியது எப்போது என்று கேட்டார். ஆறு வருடம் முன்பு ரத்தம் ஏற்றியதையும் சொன்னேன், பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டதால் தடையில்லை என்றார். காலையில் வழக்கம்போல மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து நான்கு இட்லி, அப்புறம்தான் போனேன். என் எடை 58, ஆனாலும் 350 மில்லி போதும் என்று எடுத்தார்கள். மயக்கம் எதுவும் இல்லை. மூன்றில் ஒன்று முடிந்தது. இரும்பு மாத்திரையை இனி நிறுத்தலாமா சார்?

குருதிக்கூடம்

இல்லை தங்கச்சி, இப்போதுதான் அது மிகவும் தேவை. நேற்று போன 150 மில்லிகிராமை உடம்பு திரும்பச் சேர்க்க வேண்டும், எத்தனை மாதம் என்று உங்கள் மருத்துவர் சொல்வார். பெண்களுக்கு இடைவெளி 120 நாள், அதற்கு முன் யார் அழைத்தாலும் போக வேண்டாம். 120 நாள் ஆனதும் நேராகப் போய்விடாமல் முதலில் ஃபெரிட்டின் பாருங்கள். இரவு மாத்திரை இரவிலேயே இருக்கட்டும்.